ஓட்டத்தில் ஆண், பெண் வேறுபாடு: தசை இழைகள் சொல்வது என்ன?

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் தசையைப் பற்றிப் பாடம் நடத்த வரைபடத்தைத் தேட வேண்டியதில்லை. மீன் கடையில் குறுக்காக வெட்டி வைத்திருக்கும் இரண்டு மீன் துண்டுகள் போதும். ஒன்று சூரை, மற்றொன்று கொடுவா. சூரையின் சதை சிவந்திருக்கும். அதன் உட்புறம் இன்னும் கருஞ்சிவப்பாக ஒரு பகுதி தெரியும். கொடுவாவின் சதை வெள்ளை. தோலை ஒட்டி மெல்லிய சிவப்புப் பட்டை ஒன்று மட்டும் இருக்கும்.

காரணம், இரண்டும் வாழும் விதம். சூரை ஓயாமல் நீந்தும் மீன். கடலில் நெடுந்தூரம் பயணம் செய்யும். கொடுவா அப்படியல்ல. மறைவில் அசையாமல் காத்திருந்து, இரை அருகில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். ஓயாத உழைப்புக்குச் சிவப்புத் தசை, ஒரு நொடிப் பாய்ச்சலுக்கு வெள்ளைத் தசை.

கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் பள்ளிகளுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நாட்டுக்கோழியின் தொடைக்கறி சற்றுச் சிவந்தும், மார்புக்கறி வெளுத்தும் இருப்பதை எல்லாக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். கோழி நாள் முழுவதும் நடக்கிறது, நிற்கிறது. சிறகை எப்போதாவது ஆபத்து வரும்போது மட்டும் படபடவென்று அடிக்கிறது. ஆனால், நம் மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் ஊசிவால் வாத்தின் மார்புத் தசை கருஞ்சிவப்பு. சிறகடித்துக்கொண்டே இருக்க வேண்டிய பறவை அது.

இந்தப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அப்போ பசங்களுக்கு வெள்ளைத் தசை அதிகமா? அதனாலதான் அவங்க எங்களைவிட வேகமா ஓடறாங்களா?"

நல்ல கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் 'ஆம்' என்றார்கள். நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "பொண்ணுங்களுக்கு உடம்புல அவ்வளவு தெம்பு கிடையாது" என்று உடற்கல்விப் பாடவேளையில் மாணவிகளை மரத்தடியில் உட்கார வைப்பதற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம். அந்த மாணவியின் கேள்விக்கு அறிவியல் தரும் விடையை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது அவளுடைய விளையாட்டு நேரத்தைத் தீர்மானிக்கிற விடை.

ஒரே தசைக்குள் மூன்று வகை

முயலின் சில தசைகள் சிவப்பாகவும் சில வெளுத்தும் இருப்பதையும், சிவப்புத் தசை மெதுவாகச் சுருங்குவதையும் 1873ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ரான்வியர் விளக்கினார். சிவப்பு நிறத்துக்கு முக்கியக் காரணம் மையோகுளோபின் என்ற புரதம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் செய்யும் வேலையைப் போன்றதை இது தசைக்குள் செய்கிறது. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கிறது. சிவப்பு இழைகளைச் சுற்றி இரத்தத் தந்துகிகளும், உள்ளே மைட்டோகாண்ட்ரியாக்களும் அதிகம்.

பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் வரும் மூன்று வகை இழைகளை எளிமையாக இப்படிச் சொல்லலாம்.

வகை 1: மெதுவாகச் சுருங்கும் இழை. ஆக்சிஜனைப் பயன்படுத்தி நீண்ட நேரம் உழைக்கும். எளிதில் களைக்காது. நிற்பது, நடப்பது, நீண்ட தூரம் ஓடுவது எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை.

வகை 2ஏ: வேகமாகச் சுருங்கும், ஓரளவு ஆக்சிஜனையும் பயன்படுத்தும். இடைப்பட்ட வகை.

வகை 2எக்ஸ்: மிக வேகமாகச் சுருங்கும், ஆக்சிஜனை எதிர்பார்க்காமல் ஆற்றலை உருவாக்கும், விரைவில் களைத்துவிடும்.

மீனிலும் கோழியிலும் சிவப்பும் வெள்ளையும் தனித்தனித் தசைகளாகத் தெரிகின்றன. மனிதரின் தசையில் அப்படி இல்லை. ஒரே தொடைத் தசைக்குள் மூன்று வகை இழைகளும் கலந்து கிடக்கின்றன. 1962இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்க்ஸ்ட்ராம், ஊசி மூலம் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுக்கும் முறையைப் பரவலாக்கினார். அந்தத் துணுக்குக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், கருப்பும் வெளுப்புமாகக் கட்டங்கள் தெரியும். 2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததை நம் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "உன் தொடைக்குள் ஒரு செஸ் பலகை இருக்கிறது" என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரிகிறது. ஒரு வேறுபாடு: இந்தப் பலகையில் கருப்பும் வெள்ளையும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றும் முக்கியம். மூளை இந்த இழைகளை ஒரே நேரத்தில் எழுப்புவதில்லை. முதலில் மெதுவான இழைகள் வேலைக்கு வருகின்றன. வேலை கடினமாகும்போதுதான் வேக இழைகள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க உடலியலாளர் கண்டறிந்த விதி இது. மைதானத்தை மெதுவாகச் சுற்றி நடக்கும் ஒரு குழந்தையின் வகை 2எக்ஸ் இழைகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். முழு வேகத்தில் ஓடினாலோ, எம்பிக் குதித்தாலோ, கனமான பொருளைத் தள்ளினாலோதான் அவை விழிக்கும்.

ஆக்சிஜனுக்குக் காத்திராத வேலை

தசை சுருங்குவதற்கு ஏடிபி வேண்டும். தசையில் கைவசம் இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று நொடிகளுக்குத்தான் போதும். தீரத் தீர அதை மீண்டும் உருவாக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கிரியாட்டின் பாஸ்பேட். மிக விரைவானது, ஏறத்தாழ பத்து நொடிக்குள் பெருமளவு தீர்ந்துவிடும். இரண்டாவது வழி, கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பது. இதில் லாக்டிக் அமிலம் உருவாகிறது என்று நாம் பாடத்தில் சொல்கிறோம். ஒன்றிரண்டு நிமிடங்கள் நீடிக்கும் கடும் உழைப்புக்கு இதுவே முதன்மையான வழி. மூன்றாவது, ஆக்சிஜனைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் காற்றுச் சுவாசம். மெதுவாகத் தொடங்கும், நீண்ட நேரம் கொடுக்கும். முதல் இரண்டு வழிகளையும் சேர்த்துத்தான் காற்றில்லாத் திறன் என்கிறோம்.

இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும் குழாய்கள் அல்ல. எல்லாம் ஒரே நேரத்தில் இயங்குகின்றன, பங்குதான் மாறுகிறது. 400 மீட்டர் ஓட்டத்தில்கூட ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆற்றல் காற்றுச் சுவாசத்திலிருந்து வருகிறது.

மாமல்லபுரம் கடலில் அலைச்சறுக்கு விளையாடுவோரைப் பார்த்தால் இது கண்ணெதிரே புரியும். 2025 ஆகஸ்டில் இங்கே நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்புப் போடுவதில்தான் வீரரின் நேரம் பெரும்பாலும் செல்கிறது. மெதுவான இழைகளும் காற்றுச் சுவாசமும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. அலை எழும்போது நான்கைந்து முறை வேகமாகத் துடுப்புப் போட்டு, ஒரே உந்தலில் எழுந்து நிற்க வேண்டும். அந்த ஒரு நொடி வேக இழைகளுடையது. அதை முடித்துவிட்டு அடுத்த அலைக்குத் தயாராவதற்கு மீண்டும் ஆக்சிஜன் வேண்டும். கிரியாட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்புவது காற்றுச் சுவாசம்தான்.

இங்கே ஒரு தவறான கருத்தையும் சரிசெய்துவிடலாம். "ஓடிய மறுநாள் கால் வலிப்பது லாக்டிக் அமிலம் தேங்கியதால்" என்று நாம் சொல்லி வருகிறோம். ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இதயமும் மெதுவான இழைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. மறுநாள் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வேலையும்தான்.

எது வேறு, எது வேறல்ல

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டு ஸ்டாரன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், விளையாட்டுப் பயிற்சி பெறாத 150 இளைஞர்களின் தொடைத் தசையை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். ஆண், பெண் இரு பாலாரிடமும் இழை வகைகளின் எண்ணிக்கை விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மெதுவான இழைகள் இரு பாலாரிடமும் நூற்றுக்கு 41 அளவில். 'ஆண்களுக்கு வேக இழை அதிகம், பெண்களுக்குக் குறைவு' என்பது அங்கே தென்படவில்லை. வேறு சில ஆய்வுகளில் பெண்களிடம் மெதுவான இழைகள் சிறிதளவு கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் அந்தச் சராசரி வேறுபாடு சிறியதுதான்.

வேறுபாடு இழையின் பருமனில் இருந்தது. மூன்று வகை இழைகளும் ஆண்களிடம் தடிமனாக இருந்தன. அதிலும் ஆண்களிடம் மிகத் தடித்திருந்தவை வகை 2ஏ; பெண்களிடம் வகை 1. ஒரே எண்ணிக்கையில் நூல்கள் கொண்ட இரண்டு கயிறுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் நூல்கள் தடிமன், மற்றொன்றில் மெல்லியவை. இழுவிசை வேறுபடும், நூலின் வகை வேறுபடவில்லை.

1993இல் வெளியான மில்லர் குழுவினரின் ஆய்வு இன்னொரு செய்தியைத் தந்தது. அவர்கள் சோதித்த பெண்களின் உடல் மேற்பகுதி வலிமை ஆண்களுடையதில் 52 விழுக்காடு. கீழ்ப்பகுதி வலிமை 66 விழுக்காடு. கை, தோள் பகுதியில் இடைவெளி அதிகம், கால்களில் குறைவு. பெண்களுக்குக் குண்டு எறிதலில் 4 கிலோ, ஆண்களுக்கு 7.26 கிலோ என்று எடையை மாற்றி வைத்திருப்பதும், 100 மீட்டர் ஓட்டத்தில் தூரத்தை மாற்றாமல் வைத்திருப்பதும் இதனோடு பொருந்திப் போகின்றன.

ஓட்டத்தில் இடைவெளி இன்னும் குறைகிறது. 100 மீட்டரில் உசைன் போல்ட்டின் உலகச் சாதனை 9.58 நொடி (2009). புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் சாதனை 10.49 நொடி (1988). வேறுபாடு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் நாட்டில் டூட்டி சந்த் 2021இல் ஓடிய 11.17 நொடியையும், அனிமேஷ் குஜூர் 2025இல் ஓடிய 10.18 நொடியையும் ஒப்பிட்டாலும் ஏறத்தாழ அதே அளவு வருகிறது. ஓடுபவர் தன் உடல் எடையைத்தான் சுமக்கிறார். ஆகவே மொத்த வலிமையைவிட, எடைக்கு ஏற்ற வலிமைதான் இங்கே கணக்கு.

இந்தப் பத்து விழுக்காடு உண்மையானது. உச்சப் போட்டியில் அது பெரியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருப்பதற்கு நியாயமான காரணம் அது. ஆனால் 11.17 நொடி என்பது நம் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் எட்ட முடியாத வேகம். சராசரியின் வேறுபாட்டை வைத்து, எதிரே நிற்கும் ஒரு குழந்தையைப் பற்றி முடிவு செய்ய முடியாது.

அதற்கு இன்னொரு சான்று. 1989இல் கனடாவின் சிமோனோ, புஷார்ட் ஆகியோர் 400க்கும் மேற்பட்டோரின் தொடைத் தசையை ஆராய்ந்தார்கள். மெதுவான இழைகளின் பங்கு ஒருவருக்கொருவர் 15 விழுக்காடு முதல் 85 விழுக்காடு வரை மாறுபட்டது. ஆண், பெண் சராசரிக்கு இடையே உள்ள சிறு வேறுபாட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மாணவிகளுக்கு இடையே உள்ள இழை வேறுபாடு, மாணவர் மாணவி என்ற இரு கூட்டங்களின் சராசரி வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். இதே ஆய்வாளர்கள் 1995இல், இழை விகித வேறுபாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காடு மரபு வழியாகவும் 40 விழுக்காடு சூழலாலும் வருவதாக மதிப்பிட்டார்கள். எஞ்சியது அளவீட்டுப் பிழை. சூழல் என்பதில் பயிற்சியும் அடங்கும்.

தொடக்கப் பள்ளியில் இந்த இடைவெளியே இல்லை எனலாம்

ஆண்களின் இழைகள் தடிப்பதற்கு முதன்மைக் காரணம் டெஸ்டோஸ்டிரோன். வளர்ந்த ஆண்களின் இரத்தத்தில் இது பெண்களிடம் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் பருவமடையும் முன் இரு பாலாரிடமும் அளவு மிகக் குறைவே. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் இடைவெளி 12, 13 வயதையொட்டித்தான் தெளிவாக விரியத் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்புவரை ஓட்டத்தில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஆறு, ஏழாம் வகுப்புகளில் பெண் குழந்தைகள் முன்னதாக வளர்வதால், பல மாணவிகள் மாணவர்களைவிட உயரமாகவே இருப்பார்கள்.

ஆகவே தொடக்கப் பள்ளியில் 'பையன்கள் ஓட்டம்', 'பெண்கள் ஓட்டம்' என்று பிரிப்பதற்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை. குழந்தைகளின் தசையில் ஆக்சிஜன் இல்லாமல் கிளைக்கோஜனை உடைக்கும் திறன் பெரியவர்களைவிடக் குறைவு. களைப்பிலிருந்து மீளும் வேகமோ அதிகம். இடைவேளையில் அவர்கள் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பாருங்கள். பத்து நொடி ஓடுவார்கள், நிற்பார்கள், மீண்டும் ஓடுவார்கள். அவர்கள் உடலுக்குப் பொருத்தமான பயிற்சி அதுவே. நீண்ட தூரம் ஒரே மூச்சில் ஓட வைப்பதைவிட, நொண்டி, கபடி, ஓடிப் பிடித்தல், கயிறு தாண்டுதல் ஆகியவை நல்லவை.

களைப்பில் மாணவிகளுக்குச் சாதகம்

'தெம்பு இல்லை' என்பதற்கு நேர்மாறான ஓர் உண்மையும் உண்டு. குறுகிய வேக ஓட்டத்தைச் சிறு இடைவெளி விட்டுப் பலமுறை ஓடச் செய்தால், முதல் ஓட்டத்தோடு ஒப்பிடும்போது கடைசி ஓட்டத்தில் ஏற்படும் வேகக் குறைவு பெண்களிடம் பொதுவாகக் குறைவு. தசைப் பரப்பில் மெதுவான இழைகளின் பங்கு கூடுதலாக இருப்பதும், முதல் ஓட்டத்திலேயே ஆண்கள் அதிக ஆற்றலைச் செலவழித்துவிடுவதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். பயிற்சியின் பலனும் அப்படியே. ஒரே பயிற்சியை இரு பாலாருக்கும் கொடுத்தால், தொடங்கிய நிலையிலிருந்து விழுக்காட்டுக் கணக்கில் பெறும் வலிமை உயர்வு ஏறத்தாழ சமம். வேக இழைகள் மாணவிகளிடமும் வளரத் தயாராகவே இருக்கின்றன. எழுப்பினால் போதும்.

எழுப்பாமல் விட்டதன் விலை

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓட்ட முடிவில் வீராங்கனைகள் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. பெண் உடல் இதைத் தாங்காது என்று சொல்லி அந்தப் போட்டியை நீக்கினார்கள். மீண்டும் அது சேர்க்கப்பட்டது 1960 ரோம் ஒலிம்பிக்கில். ஆண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் 1900இலேயே ஒலிம்பிக்கில் வந்துவிட்டது. பெண்களுக்கு அது கிடைத்தது 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸில்.

அந்த முதல் போட்டியில்தான் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி, நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த இந்தியச் சாதனை 39 ஆண்டுகள் நின்றது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் அதே 55.42 நொடியைத் தொட்டவர் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ். மறுநாள் இறுதிச் சுற்றில் 55.68 நொடியில் வெண்கலம் வென்றார். தொடர்ந்து ஒரு நிமிடம் வேக இழைகளைக் கசக்கிப் பிழியும் ஓட்டம் இது. காற்றில்லாத் திறனுக்கு இதைவிடக் கடுமையான சோதனை தடகளத்தில் அரிது.

கதவு மூடியிருந்த ஆண்டுகளில் பெண்களின் தசை இழைகள் வேறாக இருக்கவில்லை. போட்டிதான் இல்லை. நம் மைதானத்தின் மரத்தடிக்கும் இது பொருந்தும்.

பள்ளியில் செய்து பார்க்கலாம்

செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே தருகிறேன். அறிவியல் ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து செய்தால் சிறப்பு.

எம்பித் தொடுதல்: சுவரோரம் நின்று கையை உயர்த்தி, விரல் நுனி தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பிறகு எம்பித் தொட்ட இடத்தையும் குறித்து, இடைப்பட்ட உயரத்தை அளக்க வேண்டும். வேக இழைகளின் திறனைக் காட்டும் எளிய சோதனை இது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளும் அளவுகோலால் அளந்து எழுதுவார்கள். கணக்குப் பாடமும் ஆகிவிடும்.

படிக்கட்டுத் திறன்: ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பொருந்தும். ஒரு மாடிக்கு உள்ள படிகளின் மொத்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ எடையுள்ள மாணவி 4 நொடியில் ஏறினால், திறன் = 40 × 10 × 3 ÷ 4 = 300 வாட். 60 கிலோ எடையுள்ள மாணவர் அதே 4 நொடியில் ஏறினால் 450 வாட். 'அவன்தான் பலசாலி' என்பார்கள். இருவருடைய திறனையும் அவரவர் எடையால் வகுக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் கிலோவுக்கு 7.5 வாட். எந்த அளவால் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஈரமில்லாத படிக்கட்டில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், ஆசிரியர் அருகில் நிற்கச் செய்ய வேண்டும். எடையை வகுப்பில் உரக்கப் படிக்காமல், அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ளச் செய்வது நல்லது.

ஆறு முறை ஓட்டம்: 30 மீட்டரை முழு வேகத்தில் ஓடி, அரை நிமிடம் நின்று, மீண்டும் ஓட வேண்டும். இப்படி ஆறு முறை. முதல் நேரத்தையும் கடைசி நேரத்தையும் ஒப்பிட்டால் யார் வேகமானவர், யார் களைக்காதவர் என இரண்டு பட்டியல்கள் கிடைக்கும். இரண்டிலும் முதலிடம் ஒரே ஆளுக்குக் கிடைப்பது அரிது. குறுவட்டப் போட்டிக்கு 100 மீட்டருக்கு யார், 800 மீட்டருக்கு யார் என்று தேர்ந்தெடுக்கவும் இது உதவும்.

கலப்புத் தொடர் ஓட்டம்: இரண்டு மாணவர்கள், இரண்டு மாணவிகள் கொண்ட அணிகள். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றபோது, இந்திய அணியின் நால்வரில் ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டினர். இதைச் சொல்லிவிட்டு ஓட வைத்துப் பாருங்கள். மாணவிக்குக் கோலைக் கொடுக்கும் மாணவன், அவள் வேகமாக ஓட வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவான்.

எல்லாவற்றிலும் ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் தன் அளவைத் தேதி போட்டு எழுதி, அடுத்த மாதம் தன்னுடைய பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். பிறரோடு ஒப்பிடுவதைப் போட்டி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூச்சு வாங்கும் மாணவிக்கு

ஒரு மாணவி முதல் 30 மீட்டரை நன்றாக ஓடுகிறாள். இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்துக்குள் முகம் வெளிறி உட்கார்ந்துவிடுகிறாள் என்றால், அதைப் பெண் என்பதால் வந்த களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. முதல் சில நொடி ஓட்டத்துக்கு ஆக்சிஜன் அவ்வளவாகத் தேவையில்லை, மீள்வதற்குத் தேவை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் மீள்வது தாமதமாகும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. பையன்களிடம் இது குறைவு. களைப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். முடிவு செய்வது நம் வேலையல்ல. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திடமோ அனுப்பி வைப்பது நம் வேலை. வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை மாணவிகள் உண்மையில் விழுங்குகிறார்களா, பையில் போட்டுக்கொண்டு போகிறார்களா என்று கவனிப்பதும்தான்.

மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்று மாணவிகள் கேட்பார்கள். வலியோ சோர்வோ இல்லையென்றால் ஓடலாம், முடியாவிட்டால் ஓய்வெடுக்கலாம். முடிவு அவளுடையது. எல்லா மாணவிகளையும் எல்லா நாட்களிலும் உட்கார வைப்பதற்கு அது காரணமாகாது.

கேள்வி கேட்ட மாணவிக்கு நான் சொன்ன விடை சுருக்கமானது: "உனக்கும் வேக இழை இருக்கு. எத்தனை இருக்குன்னு பார்த்தால் தெரியாது, ஓடினால்தான் தெரியும்." வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தசை இழைகளையும் பயிற்சியையும் பாடமாகவே படிக்கும் இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்று மேல்நிலை மாணவ மாணவியருக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்பாக, அடுத்த உடற்கல்விப் பாடவேளையில் மரத்தடியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.